மணியடித்த இக்னாசி மாமா

பின்பால் மெஷின் படுக்கையறைக் கதவில் சிக்கிக்கொண்டது. முன்னங்கால் இரண்டும் உள்ளே, பின்னங்கால் இரண்டும் வெளியே. அதைப் பிடித்தபடி உள்ளே மாட்டிக்கொண்ட ஃபெலிக்ஸ் வ்ரோனா, தன் சொந்தப் படுக்கையறையிலிருந்து வெளியே வர வழியில்லாமல் நின்றார்.

“இன்னும் கொஞ்சம் சாய்ங்க அத்தான். உள்ள பந்து கிடக்கு, பாத்து,” என்றான் மச்சினன் போலெக், வெளிப்பக்கமிருந்து.

“நான் சாயறது இருக்கட்டும். இந்தச் சனியனை ஏன்டா என் வீட்டுக்குக் கொண்டாந்தே?”

“ரெண்டு நாளைக்குத்தானே. சாமி இன்னிக்கு எங்க தெருவுக்கு வர்றார். உங்க தெருவுக்கு வெள்ளிக்கிழமை. அவர் எங்க தெருவை முடிச்ச உடனே நான் வந்து தூக்கிட்டுப் போயிடறேன். கணக்கு சரியா இருக்கில்ல?”

போலெக்கின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். விடைதான் தப்பாக வரும்.

ஜனவரி பிறந்தால் எங்கள் பங்குச் சாமியார் குலிக் வீடு வீடாக வந்து மந்திரிப்பார். வாசல் நிலையில் சாக்கட்டியால் மூன்று ராஜாக்களின் எழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். சிகாகோவில் எந்தப் போலந்துக்காரன் வீட்டிலும் இது நடக்கும். ஆனால் அந்த வருஷப் புத்தாண்டுப் பூசையில் சாமியார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எந்த வீட்டிலாவது, கடையிலாவது பின்பால் மெஷின் கண்ணில் பட்டால், அந்தக் குடும்பத்துக் கல்யாணத்துக்கோ ஞானஸ்நான விருந்துக்கோ கோயில் மண்டபம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

சாமியாரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஊரே அந்த மெஷின் முன்னால்தான் கிடந்தது. இப்போது வருகிற மெஷின்களில் பந்தைத் தட்டிவிட இரண்டு பக்கமும் குட்டிக் கைகள் வைத்திருக்கிறார்கள். சோம்பேறிகளுக்கான ஏற்பாடு. அப்போது அதெல்லாம் கிடையாது. ஐந்து சென்ட் காசு போட்டு வில்லை இழுத்துப் பந்தை மேலே விட்டால், அது கண்ணாடிக்கடியில் ஆணிகளில் இடித்து, சுருள்கம்பிகளில் மோதி, மோதுகிற இடமெல்லாம் விளக்கெரிந்து மணியடித்து, தன் இஷ்டத்துக்குக் கீழே வரும். மனிதன் செய்யக்கூடியது ஒன்றுதான். பெட்டியை இடுப்பால் லேசாக ஒரு இடி இடிக்கலாம். கொஞ்சம் அதிகமாகப் போனால் ‘டில்ட்’ என்று சிவப்பு விளக்கு எரிந்து ஆட்டம் படுத்துவிடும். எங்கள் பங்கில் இடுப்பு வலி இல்லாத ஆண்பிள்ளையே அந்த வருஷம் கிடையாது.

ஃபெலிக்ஸ் ஒரு தடவைகூட ஆடியதில்லை. முன்பக்கம் முடிதிருத்தும் கடை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு திரை, அவ்வளவுதான் அவருடைய உலகம். அப்படிப்பட்டவர் ஏன் சம்மதித்தார் என்றால், மகள் இர்க்காவின் கல்யாணத்துக்குப் பீரும் பேண்டு வாத்தியமும் பீர்க்கடை வைத்திருக்கிற போலெக்கின் பொறுப்பு. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை டாடெக்குக்கு மார்ச்சில் பட்டாளத்துக்கு வரச்சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை தவறினால் கல்யாணம் எப்போது என்று கடவுளுக்கும் ராணுவ மந்திரிக்கும்தான் தெரியும். இருநூறு பேர் ஆட்டம் போட, ஃபெலிக்ஸின் வசதிக்குக் கோயில் மண்டபத்தை விட்டால் வேறு இடமும் இல்லை. இன்று நாளைக்குள் சாமியாரிடம் கேட்டு உறுதி செய்யவேண்டும் என்றிருந்தார்.

வாசல் மணி அடித்தது. முன்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஃபெலிக்ஸ் அண்ணே, இருக்கீங்களா?”

கோயிலில் ஆர்கன் வாசிக்கிற ஸெவெரின். சாமியாருக்கு முன்னால் போய் வீடுகளுக்குத் தகவல் சொல்வதும் அவன் வேலைதான்.

“இருக்கேன் தம்பி. அங்கேயே நில்லு,” என்றார் ஃபெலிக்ஸ் படுக்கையறைக்குள்ளிருந்து.

“நான் உள்ள வரலை. பூட்ஸெல்லாம் பனி. போலெக் அண்ணன் தெருவுல பனி அள்ளவே இல்லையாம். அதனால ஃபாதர் இன்னிக்கு உங்க தெருவைப் பாத்துடறேன்னுட்டார். இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவார். மேசையைத் தயார் பண்ணிடுங்க.”

கதவு சாத்தியது. ஃபெலிக்ஸ் மெஷினுக்கு மேலே மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

“கணக்கு சரியா இருக்கில்ல,” என்றார் ஃபெலிக்ஸ்.

“காலைக் கழட்டிடலாம் அத்தான்.”

“யார் காலை?”

ஒரு ஸ்பானரை வைத்து நான்கு கால்களையும் கழற்றினார்கள். பின்னால் நிமிர்ந்து நிற்கிற படப்பலகையையும் கழற்றி, கால்களோடு சேர்த்துக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். ஆனால் பெட்டி கட்டிலுக்கடியில் போகவில்லை, உயரம் இடித்தது. பின்கதவு வழியாக வெளியே தள்ளலாமென்றால் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி. கடைசியில் கூடத்துக்கே கொண்டுவந்து இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு அதன்மேல் வைத்தார்கள்.

“இப்ப பாருங்க. மேல ஒரு துணியைப் போட்டா மேசை. சாமி வந்தா மேசைதானே வேணும்?” என்றான் போலெக்.

ஃபெலிக்ஸுக்கும் அது நியாயமாகப் பட்டது. வீடு மந்திரிக்க வரும்போது மேசை எப்படியிருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பக்கங்களில் தொங்கும்படி வெள்ளைத்துணி விரித்தார்கள். நடுவில் பாடுபட்ட சுரூபச் சிலுவை வைத்தார்கள். இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றி, தீர்த்தக் கிண்ணத்தையும் வைத்தார்கள். இருவரும் இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார்கள். மனத்துக்கு நிறைவாக இருந்தது.

போலெக் கடையைப் பார்க்க ஓடிவிட்டான். அவன் போன கையோடு அடுத்த வீட்டுப் பெலாஜியா அக்கா ஒரு கிண்ணத்துடன் உள்ளே வந்தாள், சர்க்கரை கடன் கேட்க. வந்தவள் கூடத்து வாசலில் அப்படியே நின்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மண்டியிட்டாள்.

“ஐயோ ஃபெலிக்ஸ் தம்பி,” என்றாள். “யாரு?”

அப்போதுதான் ஃபெலிக்ஸ் அந்தக் காட்சியை அவள் கண்ணால் பார்த்தார். இரண்டு நாற்காலியின்மேல் ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி. வெள்ளைத்துணி. சிலுவை. இரண்டு மெழுகுவத்தி. இதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தார். பெலாஜியாவிடம் சொல்வதும் கோயில் மணிக்கூண்டில் ஏறிச் சொல்வதும் ஒன்று. மகளின் கல்யாணம் கண்முன் வந்தது.

“மாமா,” என்றார்.

“எந்த மாமா?”

“ஹெலாவோட மாமா,” என்று மனைவி பக்கம் தள்ளிவிட்டார். “வெளியூர். க்ளீவ்லேண்டு.”

“காலையில போலெக் சறுக்கு வண்டியில தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டாந்தானே, அது இவர்தானா? நான்கூட ஏதோ அலமாரின்னு நினைச்சேன். பாவி நான்.” நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “பேர் என்ன?”

ஃபெலிக்ஸின் பார்வை அலமாரியிலிருந்த மருந்துப் புட்டியில் விழுந்தது. அதில் மருந்துக்கடைக்காரர் பெயர் இருந்தது.

“இக்னாசி.”

 பெலாஜியா கைக்குட்டையை எடுத்தாள்.

“இக்னாசியா? உயரமா, மீசை வச்சுக்கிட்டு?”

“ஆமா, மீசை.”

“ஹெலா கல்யாணத்துல என்கூட ஆடினவர். மூணு பாட்டுக்கு விடாம ஆடினார். வந்து பாக்கறேன்னுட்டுப் போனவர்தான்.” அவள் உண்மையாகவே அழத்தொடங்கினாள். “வந்துட்டார் பாருங்க.”

இல்லாத மனிதருக்கு இவ்வளவு கண்ணீர் வரும் என்று ஃபெலிக்ஸ் எதிர்பார்க்கவில்லை. 

“இந்தக் குளிர்காலம் நம்ம பங்குக்கே ஆகலை தம்பி,” என்றாள் பெலாஜியா மூக்கைச் சிந்திக்கொண்டு. “வெளியூர்ச் சொந்தமா வந்து விழுது. போன வாரம் கய்டா வீட்டுல யாரோ டெட்ராய்ட் சித்தப்பா. அதுக்கு முன்னாடி பேக்கரிக்காரர் வீட்டுல ஒரு அத்தை. அந்த அத்தையைத் தூக்க முடியாம ஆறு ஆம்பளைங்க திணறினாங்க. இரு, நான் போய் நாலு பேருக்குச் சொல்லிட்டு வரேன்.”

“வேண்டாம் அக்கா, சின்ன அளவுல...”

“சின்ன அளவுல சாவு ஏது?” என்றாள் அவள், படியிறங்கிக்கொண்டே.

கால் மணி நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. பெண்கள் செபமாலையோடு வந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முட்டைக்கோஸ் குழம்பு ஒரு பானை, புகைபோட்ட சாஸேஜ், உருளைக்கிழங்கு வைத்த பியெரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டம், ஓட்கா இரண்டு புட்டி எல்லாம் எங்கிருந்தோ வந்து அடுக்களையில் சேர்ந்தன. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதில் எங்கள் தெரு ரொம்பக் கண்டிப்பு.

ஹெலாவும் இர்க்காவும் தையல்காரியிடம் கல்யாண உடுப்பு அளவு கொடுத்துவிட்டு வந்தார்கள். வாசலிலேயே நான்கு பெண்கள் ஹெலாவைக் கட்டிக்கொண்டார்கள்.

“தைரியமா இரு ஹெலா. மாமா சாமிகிட்ட போயிட்டார்.”

“எந்த மாமா?” என்றாள் ஹெலா.

“அதிர்ச்சி. பாவம்,” என்றாள் பெலாஜியா மற்றவர்களிடம்.

ஹெலா கூட்டத்தின் தலைக்கு மேலே புருஷனைத் தேடினாள். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். பெட்டியைப் பார்த்தாள், துணிக்குக் கீழே எட்டிப்பார்த்த பித்தளைக் காசுத் துவாரத்தைப் பார்த்தாள், கன்னத்தில் வியர்வை வழிய நின்ற ஃபெலிக்ஸைப் பார்த்தாள். தன் தம்பியின் முகம் அவளுக்கு மனக்கண்ணில் வந்தது. வாயில் முந்தானைக்குப் பதிலாகக் கம்பளிச் சால்வையை வைத்துக்கொண்டு, “ஐயோ மாமா,” என்று ஆரம்பித்தாள். போகிற போக்கில் துணியை இழுத்துக் காசுத் துவாரத்தையும் மூடினாள்.

“எப்படிப் போனார்?” என்று யாரோ கேட்டார்கள்.

“ரயில்,” என்றார் ஃபெலிக்ஸ்.

“மாரடைப்பு,” என்றாள் ஹெலா.

எல்லோரும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“ரயில்ல மாரடைப்பு,” என்றார் ஃபெலிக்ஸ்.

இர்க்கா அப்பாவின் அருகில் வந்து காதில் கேட்டாள். “அப்பா, சாவு விழுந்தா கல்யாணத்தைத் தள்ளிவைக்கணும்னு சொல்றாங்களே?”

ஃபெலிக்ஸுக்கு அதுவரை இது தோன்றவில்லை. மெஷின் என்றால் மண்டபம் இல்லை. மாமா என்றால் துக்கம், கல்யாணமே இல்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி என்று புரிந்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கூட்டம் அதை மெச்சிக்கொண்டது.

அந்த நேரத்தில் போலெக் வந்தான். பாதி வழியிலேயே யாரோ அவனைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியின்மேல் விழுந்து, “என்னைத் தூக்கி வளர்த்த கையாச்சே” என்று குலுங்கினான்.

விழுந்த வேகத்தில் உள்ளே பந்து நகர்ந்தது.

டிங்.

செபம் நின்றது. பெட்டிக்குள் காலத்துக்கும் ஓடுகிற மாதிரி பெரிய பேட்டரி ஒன்றிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். துணிக்கடியில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்து மறைந்தது.

“கடிகாரம்,” என்றார் ஃபெலிக்ஸ். “மாமாவோட கைக்கடிகாரம். அலாரம் வச்சது.”

“எப்பவும் நேரம் தவறாத மனுஷன்,” என்றாள் பெலாஜியா. “நல்ல வேளை, கூடவே வச்சுட்டீங்க.”

செபம் மறுபடி தொடங்குவதற்குள் வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. குலிக் சாமியார் உள்ளே வந்தார். ஆறடி உயரம், தடித்த புருவம், தோளில் பனி. பின்னால் ஸெவெரின் தீர்த்தச் செம்போடு வந்தான். வீடு மந்திரிக்க வந்தவர், வீடு நிறையக் கூட்டத்தையும் நடுவிலிருந்த பெட்டியையும் பார்த்து நின்றார்.

“இங்கேயுமா?” என்றார்.

“க்ளீவ்லேண்டு மாமா, சாமி,” என்று பெலாஜியா முந்திக்கொண்டாள்.

“முகம் பாக்கலாமா?”

“வேண்டாம் சாமி,” என்றார் ஃபெலிக்ஸ். “ரயில்...”

“மாரடைப்பு,” என்றாள் ஹெலா.

சாமியார் குனிந்தார். தன் பக்கத்துத் துணியின் ஓரத்தை மட்டும், மற்றவர்களுக்குத் தெரியாதபடி, ஒரு கை அகலத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஃபெலிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். மண்டபம் போயிற்று, டாடெக் பட்டாளத்துக்குப் போனான், இர்க்கா கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள். மூடிய கண்ணுக்குள் எல்லாம் நடந்து முடிந்தது.

“மூடினதே நல்லது,” என்ற குரல் கேட்டது. “நல்ல நிலைமையிலதான் இருக்கார். ஆனா பாத்தா ஜனங்க தாங்கமாட்டாங்க.”

சாமியார் தீர்த்தம் தெளித்து லத்தீனில் ஆரம்பித்தார். பாதியில், பக்கத்தில் மண்டியிடப் போன ஒருவர் நாற்காலியை இடித்துவிட்டார். பந்து உருண்டு ஒரு சுருள்கம்பியில் போய் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. டிங் டிங் டிங் டிங் என்று மணி நிற்காமல் அடிக்கத் தொடங்கியது. பின்வரிசைப் பெண்கள் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். 

சாமியார் லத்தீனை நிறுத்தவில்லை. பெட்டியின் இடது மூலைக்கு ஒரு எட்டு வைத்தார். அங்கிக்குள்ளிருந்து இடுப்பால் லேசாக ஒரு இடி. மணி நின்றது. “ஆமென்,” என்றார்.

“ஆமென்,” என்றது கூட்டம்.

“தரை கல்லா உறைஞ்சு கிடக்கு. இப்ப குழி தோண்ட முடியாது,” என்றார் சாமியார் புத்தகத்தை மூடி. “வசந்தம் வர்ற வரைக்கும் கோயில் மண்டபத்துல இருக்கட்டும். இப்பவே தூக்குங்க.”

ஆறு பேர் தூக்கினார்கள். திணறினார்கள். போலெக்குக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. “இப்பவேவா சாமி? ஒரு ராத்திரி வீட்டுல...” என்று ஆரம்பித்தவன் சாமியாரின் புருவத்தைப் பார்த்து அடங்கினான். பெட்டி தெருவில் இறங்கியதும் பின்னாலேயே ஓடினான். “என் தொழிலே போச்சே, என் கடையே இருண்டு போச்சே” என்று அவன் அழுதது அன்று அவன் அழுத முதல் நிஜமான அழுகை. பெலாஜியா அவன் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

ஃபெலிக்ஸ் பனியில் தடுக்கி விழாமல் சாமியாரின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

“சாமி, நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டியில...”

“செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாது ஃபெலிக்ஸ்.”

“இர்க்கா கல்யாணம் சாமி. அடுத்த மாசம், தவக்காலத்துக்கு முந்தின சனிக்கிழமை. மண்டபம்...”

“எந்த வீட்டுல மெஷின் இருக்கோ அந்த வீட்டுக்கு மண்டபம் கிடையாதுன்னேன். உன் வீட்டுல இப்ப மெஷின் இருக்கா?”

ஃபெலிக்ஸ் தெருவைப் பார்த்தார். ஆறு பேர் தோளில் இக்னாசி மாமா முக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“இல்லை சாமி.”

“அப்ப மண்டபம் உனக்குத்தான்.”

“துக்கம்னு பேசுவாங்களே சாமி?”

“மனைவியோட தூரத்து மாமா. மூணு நாள் போதும். நான் பூசையில சொல்லிடறேன்.” சாமியார் மேற்கொண்டு பேசாமல் முன்னால் நடந்தார். பெட்டி தூக்கியவர்களிடம், “மெதுவா, மெதுவா, சாய்க்காதே” என்று அவர் சொல்வது கேட்டது.

ஃபெலிக்ஸ் தெரு நடுவில் நின்று தொப்பியைக் கழற்றினார். கண்ணில் நீர் நின்றது. இப்படிப்பட்ட ஒரு மனிதரைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரிந்தும் மூடி மறைத்து, ஒரு ஏழை நாவிதனின் பெண் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

“சாமின்னா இவர்தான்டா சாமி,” என்றார், பின்தங்கி வந்த ஸெவெரினிடம்.

ஸெவெரின் தீர்த்தச் செம்பைக் கை மாற்றிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

“கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் அஞ்சு சென்ட் சில்லறை நிறையக் கொண்டாரச் சொல்லுங்க அண்ணே. உங்க மாமாவோட சேத்து மண்டபத்துல ஏழு சவம் ஆச்சு. மண்டபத்துக்கு ஹீட்டர் வாங்கற வரைக்கும் ஃபாதர் யாரையும் ஓசியில ஆட விடமாட்டார்.”